ஓசூர் சாலையில் ஒரு மெழுகு பிளாக்

நான்கு சென்டிமீட்டர் நீளம், மூன்றுக்குச் சற்றுக் குறைந்த அகலம். பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் பழுப்பாக நூலளவு சதை. சட்டத்தின் சரிந்த விளிம்பில் பென்சிலால் எழுதிய ஓர் எண். ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பெயர் பிளாக். பெங்களூரு ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸை ஒட்டி இருக்கும் கித்வாய் புற்றுநோய் நிலையத்துக்கு வருகிறவர்களின் பைகளில், ஸ்கேன் படங்களுக்கும் ஆதார் நகலுக்கும் நடுவே, இந்தப் பொருள் ஒரு சின்ன கவரில் கிடக்கும். கிருஷ்ணகிரியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ அத்திப்பள்ளி தாண்டி பஸ்ஸில் வந்திருக்கும். கொண்டுவந்தவரைக் கேட்டால், "அங்க குடுத்தாங்க, இங்க காட்டச் சொன்னாங்க" என்பார். தன் மகனின் காலைக் காப்பாற்றப்போகும் சாட்சியைத்தான் கையில் வைத்திருக்கிறார் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சாட்சியின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து எழுதிப் பார்க்கலாம்.

தசை, கொழுப்பு, நரம்பின் உறை, ரத்தக் குழாய் போன்ற மென்திசுக்களில் கிளம்பும் புற்றுநோய்க்கு சர்கோமா என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றுதான் இந்த இனம். அந்த ஒன்றுக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள். அவற்றில் சைனோவியல் சர்கோமாவை மட்டும் இங்கே பின்தொடர்கிறேன், ஏனென்றால் இது இளம் வயதுக்காரர்களின் நோய். பதினைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்களுக்கே அதிகம் வருகிறது. முழங்கால், கணுக்கால் பக்கத்தில் ஆழத்தில் தோன்றி, சிலருக்கு வருடக்கணக்கில் மெதுவாக வளரும். மெதுவாக வளர்வதால் யாரும் பயப்படுவதில்லை. ஓடியாடுகிற பையனுக்கு முழங்கால் வீங்கினால் சுளுக்கு என்பார்கள், எண்ணெய் போட்டு நீவுவார்கள், புத்தூர் கட்டுப் போடுவார்கள். டாக்டரிடம் போனால் கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்ற பதிலும் கிடைக்கலாம். பெரும்பாலான கட்டிகள் கொழுப்புக் கட்டிகளே என்பதால் அந்தப் பதிலைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் கட்டி ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டதா, தசைக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறதா, வளர்ந்துகொண்டே போகிறதா, ஒருமுறை எடுத்தபின் அதே இடத்தில் மறுபடி வந்ததா என்று பார்க்க வேண்டும். இதில் ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும் கத்தியை எடுக்கும் முன் எம்ஆர்ஐ எடுத்தாக வேண்டும்.

பல பிளாக்குகளுக்கு நல்ல பிறப்பு வாய்ப்பதில்லை. ஸ்கேன் ஏதுமில்லாமல், சின்ன தியேட்டர் ஒன்றில், குறுக்காகக் கீறிக் கட்டியை எடுத்துவிடுகிறார்கள். உருண்டையாக, தோல் போர்த்தது போல வெளியே வரும். "முழுசா வந்துடுச்சு" என்று வீட்டாரிடம் காட்டுவார்கள். சர்கோமா ஏமாற்றும் இடம் இதுதான். அந்தத் தோல் உண்மையான உறை கிடையாது. கட்டி வளர வளர நெருக்குண்டு தட்டையான திசுவும் புற்றணுக்களும் சேர்ந்த ஒரு படலம் அது. அதை ஒட்டி உரித்து எடுத்தால் படலத்தின் ஒரு பகுதி காலிலேயே தங்கிவிடும், கத்தி போன வழியெல்லாம் ரத்தக் கசிவோடு அணுக்கள் பரவும். குறுக்கே போட்ட தழும்பு, பிற்பாடு செய்யவேண்டிய பெரிய அறுவையை இன்னும் பெரிதாக்கும். இதைவிடக் கொடுமை, எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போடுவது. எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தாலும், உடலிலிருந்து எடுத்த கட்டி எதுவும் பரிசோதிக்கப்படாமல் போகக்கூடாது. இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

நல்ல பிறப்பு வேறு மாதிரி. முதலில் எம்ஆர்ஐ. பிறகு அந்தக் கட்டியை எடுக்கப்போகும் அறுவை மருத்துவரே, அல்லது அவர் சொல்லும் இடத்தில் ரேடியாலஜிஸ்ட்டோ, சுருள்வில் பொருத்திய தடித்த ஊசியைச் செலுத்துவார். மரத்துப்போன தோலுக்குள் ஊசி போய் 'டக்' என்ற சத்தத்தோடு ஒரு சதை நூலை அறுத்தெடுக்கும். இப்படி நான்கைந்து நூல்கள். ஊசி நுழையும் புள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது இதன் முழு நுட்பமும். ஊசி போன தடத்திலும் புற்றணு ஒட்டியிருக்கலாம். ஆகவே நாளை அறுவையில் போடப்போகும் நெடுக்குக் கோட்டின் மேலேயே அந்தப் புள்ளி அமைந்தால்தான் தடத்தையும் சேர்த்து எடுக்க முடியும். தள்ளிக் குத்தினால் நல்ல தசை ஒன்று வீணாகப் பலியாகும். மெல்லிய ஊசியால் அணுக்களை உறிஞ்சும் எஃப்என்ஏசி சோதனை கழுத்துக் கட்டிகளுக்கு நன்றாக உதவும். சர்கோமாவின் வகையைச் சொல்ல அது பெரும்பாலும் போதாது, அணுக்கள் ஒன்றோடொன்று அடுக்கியிருக்கும் விதத்தையும் பார்த்தாக வேண்டும்.

சதை நூல்கள் அடுத்த நொடியே பார்மலினில் விழ வேண்டும். பார்மால்டிஹைடு திசுவைக் கெடாமல் காக்கும் என்று 1893-ல் பிராங்பர்ட்டில் பெர்டினாண்ட் பிளம் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் முழுக்க அதுவே நடைமுறை. அது திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். ஊசி எடுத்த நூலுக்கு அது போதும். முழங்கை அளவுக் கட்டியை அப்படியே சின்ன பாட்டிலில் திணித்து அனுப்பினால் வெளிப்புறம் பதமாகி உள்ளே அழுகிவிடும். சலைனில் போட்டு அனுப்புவதும் நடக்கிறது. அப்படி வரும் திசுவில் புரதமும் டிஎன்ஏவும் சிதைந்திருக்கும். பின்னால் எத்தனை விலையுயர்ந்த பரிசோதனை செய்தாலும் அந்த முதல் சில மணி நேரத்தின் அலட்சியத்தைச் சரிசெய்ய வழியில்லை.

பரிசோதனைக் கூடத்தில் சதை நூலைக் காஸெட்டுக்குள் வைத்து எண்ணைப் பென்சிலால் எழுதுவார்கள். பேனா மை அடுத்து வரும் ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரைந்துபோகும், பென்சில் போகாது. ஆல்கஹால் திசுவின் நீரை வெளியேற்றும், சைலீன் ஆல்கஹாலை வெளியேற்றும், கடைசியில் அறுபது டிகிரிக்குக் கிட்ட உருகிய மெழுகு அந்த இடத்தை நிரப்பும். இரவெல்லாம் இயந்திரம் இதைச் செய்துகொண்டிருக்கும். காலையில் டெக்னீஷியன் சூடான இடுக்கியால் நூலை எடுத்து அச்சின் அடியில் படுக்கவைத்து மெழுகு ஊற்றிக் குளிரவிடுவார். பிளாக் என்ற பெயர் அப்போதுதான் அதற்குக் கிடைக்கிறது.

அடுத்தது மைக்ரோடோம். ஐஸ் மேல் வைத்துக் குளிர்ந்த பிளாக்கைப் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் மெழுகுச் சீவல் கழன்று வரும். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. ஒன்றின் விளிம்பில் அடுத்தது ஒட்டிக்கொண்டு ரிப்பனாக நீளும். டெக்னீஷியன் மூச்சைக்கூட அடக்கி, தூரிகை முனையால் ரிப்பனைத் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிடுவார். சுருக்கம் தானாக விரிந்ததும் கண்ணாடி ஸ்லைடை அடியில் கொடுத்து ஏந்தி எடுப்பார். இங்கே ஒரு சிக்கனம் தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறை பிளாக்கைத் திரும்பப் பொருத்தும்போதும் முகப்பைச் சமன் செய்யவே கொஞ்சம் சதை வீணாகும். நூலளவுச் சதையில் வீணாக்க என்ன இருக்கிறது? சர்கோமா என்று சந்தேகம் இருந்தால், பின்னால் வேண்டிவரும் பரிசோதனைகளுக்கும் சேர்த்து ஒரே தடவையில் சாயமேற்றாத ஸ்லைடுகளைச் சீவி வைத்துக்கொள்ளும் டெக்னீஷியன், தன் பெயரே அறியாத ஒரு நோயாளிக்கு இன்னொரு ஊசிக் குத்தை மிச்சம் பிடித்துத் தருகிறார்.

சீவலுக்கு நிறமில்லை. மெக்ஸிகோவின் காம்பெச்சே கரையோரம் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து வரும் ஹெமடாக்ஸிலின், அணுக்கருவை ஊதாநீலமாக்கும். ஈயோசின் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும். இந்த இரட்டைச் சாயம் 1870-களில் சேர்ந்தது. அப்புறம் எத்தனையோ வந்தும், நோயியல் மருத்துவர் முதலில் பார்ப்பது இன்றும் இதைத்தான்.

பார்த்தவுடன் பெயர் சொல்லிவிட முடியாது என்பதுதான் சர்கோமாவின் சிக்கல். சைனோவியல் சர்கோமாவின் கதிர் வடிவ அணுக்கள் நெருக்கமாகக் கட்டுக்கட்டாக ஓடும். நரம்புறைப் புற்றும் கிட்டத்தட்ட அப்படியே ஓடும், இன்னும் சில வகைகளும் ஓடும். வருடத்தில் ஓரிரண்டு சர்கோமாவை மட்டும் பார்க்கும் கூடத்தில் தவறு நேர்வது அங்குள்ளவரின் திறமைக் குறைவால் இல்லை, பார்க்கக் கிடைப்பதே அவ்வளவுதான். பிரான்சிலும் இத்தாலியிலுமாக 1,463 நோயாளிகளின் பிளாக்குகளைச் சர்கோமா நிபுணர்கள் மறுபடி பார்த்த ஆய்வு 2012-ல் வெளியானது. முதல் ரிப்போர்ட்டும் இரண்டாவது ரிப்போர்ட்டும் முழுமையாக ஒத்துப்போனது 56 சதவீதத்தில்தான். 35 சதவீதத்தில் நோயின் தீவிர நிலையிலோ வகையிலோ மாற்றம். 8 சதவீதத்தில் முதல் முடிவே தவறு: தீங்கற்ற கட்டியைப் புற்று என்றோ, புற்றைத் தீங்கற்றது என்றோ, வேறு புற்றை சர்கோமா என்றோ சொல்லியிருந்தார்கள். வசதியான ஐரோப்பிய நாடுகளின் கணக்கு இது.

அதனால்தான் பிளாக் பஸ் ஏறுகிறது. தினமும் கட்டிகளைப் பார்க்கும் கண்கள் பெரிய நிலையங்களில்தான் இருக்கின்றன. ரஃபி அகமது கித்வாய் பெயரில் 1973-ல் தொடங்கி 1980-ல் தன்னாட்சி பெற்ற பெங்களூரு நிலையம் அப்படி ஒன்று. சென்னை அடையாறும், வேலூர் சிஎம்சியும், மும்பை டாடாவும் அப்படியே. ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப்போனால் இங்கே எதுவும் நடக்காது. ரிப்போர்ட் இன்னொருவர் பார்த்ததன் எழுத்து. பிளாக்தான் திரும்பப் பார்க்கக்கூடியது. ஸ்லைடும் ஓரளவுக்கு உதவும், ஆனால் ஸ்லைடிலிருந்து புதிய சீவல் எடுக்க முடியாது. கேட்டால் தருவார்களா என்று தயங்குகிறவர்கள் உண்டு. மருத்துவப் பதிவுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நெறிமுறை சொல்கிறது. பிளாக்கைக் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவதே வழக்கம். எண்ணை ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கவேண்டும். கொண்டுவரும் வழியில் ஒரு கவனம்: மே மாத வெயிலில் கார் டாஷ்போர்டில் வைத்தால் மெழுகு இளகும். கைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கூடத்தில் பிளாக்கைத் திரும்பச் சீவுவார்கள். இம்முறை சாயத்துக்குப் பதில் எதிர்ப்புரதங்கள். கெரட்டின், ஈஎம்ஏ போன்ற புரதங்கள் ஆங்காங்கே பழுப்பாக ஒளிர்கிறதா, டிஎல்இ1 அணுக்கருவெங்கும் படர்ந்திருக்கிறதா, டெஸ்மின் இல்லையா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். இறுதிச் சான்று மரபணுவில் இருக்கிறது. சைனோவியல் சர்கோமாவில் எக்ஸ் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கும். அந்த முறிவில் எஸ்எஸ்18 என்ற மரபணு எஸ்எஸ்எக்ஸ் என்பதோடு தவறாக ஒட்டிக்கொள்ளும். நோயை நடத்துவதே அந்த ஒட்டு. ஃபிஷ் என்ற பரிசோதனையில் எஸ்எஸ்18-ன் இரு பக்கமும் சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் புள்ளிகளை ஒட்டுவார்கள். மரபணு முழுதாக இருந்தால் இரண்டும் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும். உடைந்திருந்தால் இருட்டுக்குள் சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கமாக விலகி நிற்கும். அணுவுக்குப் பின் அணுவாக எண்ணி, போதுமான அணுக்களில் விலகல் தெரிந்தால் பெயர் உறுதி. ஒட்டுப் புரதத்தையே நேரடியாகப் பிடிக்கும் எதிர்ப்புரதம் 2020-ல் வந்துவிட்டது, அது கிடைக்கும் கூடங்களில் வேலை இன்னும் சுலபம்.

கூடவே பதிவேட்டிலும் ஒரு வரி ஏறும். நாட்டின் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் மும்பை, சென்னை, பெங்களூரு ஆகிய மூன்று நகரங்களில் 1982 முதல் எண்ணத் தொடங்கியது. பெங்களூரு எண்ணிக்கை கித்வாயில்தான் நடக்கிறது. சரியான பெயரிடப்படாத சர்கோமா அந்தக் கணக்கிலும் தவறான கட்டத்தில்தான் விழும்.

பெயர் தெரிந்தபின் பிளாக் சொல்வதைக் கேட்டு மற்றவர்கள் செயல்படுவார்கள். நுரையீரலுக்கு சிடி ஸ்கேன், அதன்பின் அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்து மருத்துவர், நோயியல் மருத்துவர் எல்லோரும் ஒரே மேஜையில். வீட்டாரின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: காலை எடுத்துவிடுவார்களா? ஒரு காலத்தில் எடுத்தார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பர்க் குழு 43 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. 16 பேருக்குக் கை அல்லது காலை முழுதாக நீக்கினார்கள். 27 பேருக்குக் கட்டியை மட்டும் சுற்றியுள்ள நல்ல திசுவோடு எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். 1982-ல் முடிவு வந்தது. உறுப்பைக் காத்தவர்களில் நால்வருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது, ஆனால் ஐந்து வருடம் உயிரோடிருந்தவர்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை: உறுப்பைக் காத்தவர்களில் 83 சதவீதம், நீக்கியவர்களில் 88 சதவீதம். இன்று பெரும்பாலானவர்கள் தங்கள் காலோடு வீடு திரும்புவதற்கு அந்த 43 பேரும் ஒரு காரணம். நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் அந்தக் கதிர்வீச்சை அறுவைக்கு முன் கொடுக்கலாமா, பின் கொடுக்கலாமா என்று கனடாவில் சோதித்தார்கள். முன் கொடுத்தால் தேவைப்படும் அளவும் பரப்பும் குறைவு, ஆனால் காயம் ஆறுவதில் சிக்கல் 35 சதவீதத்தினருக்கு. பின் கொடுத்தவர்களில் 17. ஒவ்வொரு காலுக்கும் இதைத் தனியாக எடைபோட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள்.

மருந்தில் முதல் பெயர் டாக்ஸோரூபிசின். சிவப்பு மருந்து என்பார்கள், போட்ட பிறகு சிறுநீரே சிவந்து போகும். இத்தாலியின் காஸ்தெல் தெல் மோந்தே கோட்டையருகே எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரின் வழிவந்தது. 1974-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, அரை நூற்றாண்டுக்குப் பிறகும் முதலிடத்தில் இருக்கிறது. இதயத்தைப் பாதிக்கும் என்பதால் வாழ்நாளில் இவ்வளவுதான் என்று எல்லை உண்டு, இடையிடையே எக்கோ எடுப்பார்கள். பரவிவிட்ட சர்கோமாவில் இதை மட்டும் கொடுத்தால் கட்டி சுருங்குவது 14 சதவீதம் பேருக்கு, ஐஃபாஸ்ஃபமைடையும் சேர்த்தால் 26 சதவீதம் என்று 2014-ல் ஐரோப்பிய ஆய்வு சொன்னது. ஆயுள் அதற்கேற்பக் கூடவில்லை. இந்த எண்களைக் குடும்பத்திடம் மறைக்காமல் சொல்லும் மருத்துவர்களை நான் மதிக்கிறேன். சைனோவியல் வகை ஐஃபாஸ்ஃபமைடுக்கு மற்ற பல வகைகளைவிட நன்றாகக் கட்டுப்படும். பிளாக் வகையைச் சரியாகச் சொன்னால்தான் இந்தச் சலுகையாவது நோயாளிக்குக் கிடைக்கும்.

சிகிச்சை முடிந்ததும் பிளாக் எஃகு இழுப்பறைக்குள் போகும், வரிசை எண்ணின்படி, ஆயிரக்கணக்கான மற்ற பிளாக்குகளோடு. பத்து வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோயியலாளர் கல்லூரியின் விதி. இடமில்லை, அலமாரியில்லை என்று இதைச் சுமையாக நினைப்பது தவறு. சைனோவியல் சர்கோமா முதல் ஐந்து வருடத்தோடு கணக்கை முடிக்காது, பத்து வருடம் கழித்தும் நுரையீரலில் திரும்பலாம். அப்போது வந்திருப்பது பழைய நோயா புதியதா என்பதை ஒப்பிட்டுச் சொல்லப் பழைய பிளாக் தேவை.

இன்னொரு தேவையும் இப்போது வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கா அஃபாமி-செல் என்ற சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. நோயாளியின் டி-செல்களை எடுத்து, புற்றணுவில் இருக்கும் மேஜ்-ஏ4 புரதத்தை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்துத் திரும்பச் செலுத்துவது. வேறு வழியில்லாத நிலைக்குப் போன சைனோவியல் சர்கோமா நோயாளிகள் 44 பேரில் 17 பேருக்குக் கட்டி சுருங்கியது. குறிப்பிட்ட சில திசு வகைகள் உள்ளவர்களுக்கே பொருந்தும், அந்தப் பட்டியல் இந்தியர்களை மனதில் வைத்துப் போட்டதல்ல. விலையும் நம் கைக்கு எட்டாது. ஆனால் செல் சிகிச்சையை இந்தியாவில் செய்ய முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ரத்தப் புற்றுக்கு ஐஐடி மும்பையும் டாடாவும் உருவாக்கிய சிகிச்சைக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. 2025 ஜனவரியில் பெங்களூருவின் இம்மியூனீல் நிறுவனம் இன்னொன்றை அறிமுகப்படுத்தியது. அது இயங்குவது பொம்மசந்திராவில், அதே ஓசூர் சாலையில், கித்வாயைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையை நோக்கிப் போகும் வழியில். சர்கோமாவுக்கான செல் சிகிச்சையும் இந்தச் சாலையில் ஒருநாள் உருவாக வேண்டும் என்பது என் ஆசை, அது வீண் ஆசை என்று நான் நினைக்கவில்லை.

அப்படி வரும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி, கட்டியில் மேஜ்-ஏ4 இருக்கிறதா என்பதாகவே இருக்கும். அதைச் சொல்ல வேண்டியது நான்கு மைக்ரான் தடிமனில் சில சீவல்கள். முதல் நாள் ஊசி எடுத்த சதையில் கொஞ்சம் மிச்சமிருந்து, இழுப்பறையில் எண் அழியாமலும் இருந்தால், அந்த நோயாளி இன்னொரு முறை ஊசிக்குப் படுக்காமலேயே அதற்கான பதில் கிடைக்கக்கூடும்.